நீல வர்ண ஓரம்

ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் நடப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. பொன் வாயில் பாலத்தின் செம்மஞ்சள் கோபுரங்கள் பாதி பனிமூட்டத்துக்குள் மறைந்து நிற்கும். குன்றுகளின் மேல், நவராத்திரிக் கொலுவில் பொம்மைகளை அடுக்கியது போல மர வீடுகள் வரிசை வரிசையாக நிற்கும். கழுத்து வலிக்கும் வரை பார்க்கலாம்.

ஆனால் நேயர்களே, இந்த வாரம் நீங்கள் என்னோடு கொஞ்சம் குனிந்து நடக்க வேண்டும். நடைபாதை முடிந்து தெரு ஆரம்பிக்கிறதே, அந்த விளிம்புக் கல்லைப் பாருங்கள். அதற்கு வர்ணம் அடித்திருக்கிறார்கள். ஒன்றல்ல, ஐந்து வர்ணம்!

சிவப்பு என்றால் வண்டி நிற்கவே கூடாது. மஞ்சள், சாமான் ஏற்றி இறக்க. வெள்ளை, ஆட்களை ஏற்றி இறக்க. பச்சை, கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு. ஐந்தாவது நீலம். அது உடல் ஊனமுற்றவர்களுக்கு. இப்போது நாம் மாற்றுத் திறனாளிகள் என்று சொல்கிறோமே, அவர்களுக்கு.

முதல் நான்கு வர்ணங்களைப் பற்றி அந்த ஊரில் யாரும் சண்டை போட்டு நான் பார்க்கவில்லை. நீலத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால் போதும், சாப்பாட்டு மேஜை இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது!

சுற்றிச் சுற்றி வந்தோம்

நான் தங்கியிருந்தது ஃப்ரீமாண்டில், நம் ஊர்க்காரர் ஒருவர் வீட்டில். கும்பகோணத்தைவிட்டு வந்து முப்பது வருஷமாகிறது அவருக்கு. மாமாவும் மாமியும் பிள்ளையுமாக மூன்று பேர். பிள்ளைக்கு இருபத்தாறு வயது. ஸான் பிரான்ஸிஸ்கோவில்தான் உத்தியோகம்.

ஒரு சனிக்கிழமை மாமாவும் பிள்ளையும் என்னை நகரம் பார்க்க அழைத்துப் போனார்கள். மாமி வீட்டிலேயே தங்கிவிட்டார். நகரத்துக்குள் நுழைந்து முக்கால் மணி நேரம் ஆகியும் நாங்கள் வண்டியைவிட்டு இறங்கவில்லை. இடம் கிடைத்தால்தானே இறங்குவதற்கு!

அந்தக் குன்றுகளில் வண்டி நிறுத்துவதே ஒரு வித்தை. ஃபில்பர்ட் தெருவின் ஒரு பகுதி 31.5 சதவிகிதச் சரிவு. நூறு அடி முன்னே போவதற்குள் முப்பத்தொன்றரை அடி மேலே ஏறிவிடலாம். 3 சதவிகிதத்துக்கு மேல் சரிவான தெருவில் நிறுத்தினால், முன் சக்கரத்தைத் திருப்பி வைக்க வேண்டும் என்பது அந்த ஊர் சட்டம். மறந்தால் அதற்கும் அபராதம் உண்டு.

நான்காவது சுற்றில் ஓர் இடம் கண்ணில் பட்டது. சமதளமான இடம், கடைக்கு எதிரிலேயே இருந்தது. விளிம்பு நீலம். சக்கர நாற்காலிப் படம் போட்ட பலகை. யாரும் இல்லை.

ஐந்தாவது சுற்றிலும் அது காலியாகவே இருந்தது. ஆறாவது சுற்றிலும்தான்.

"பாருங்கள் ஸார், இது நியாயமா? ஊரே இடமில்லாமல் அலைகிறது. இங்கே ஓர் இடம் தேமே என்று காற்று வாங்குகிறது. இரண்டு நிமிஷம் நிறுத்தினால் யாருக்கு நஷ்டம்? ஆனால் நிறுத்திப் பாருங்கள்! முதல் தடவைக்கே குறைந்தது 250 டாலர்!" என்றார் மாமா.

250 டாலர் என்றால் நம் கணக்கில் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். கலிபோர்னியா மாநிலச் சட்டப்படி முதல் தடவை 250 முதல் 500 டாலர் வரை. இரண்டாம் தடவை 500 முதல் 750. மூன்றாம் தடவை 750 முதல் 1,000.

"அம்மாவின் அட்டை மட்டும் இப்போது கையில் இருந்தால்..." என்று பெருமூச்சு விட்டான் பிள்ளை.

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு மாமிக்கு இருதயத்தில் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. அதிக தூரம் நடந்தால் மூச்சு வாங்கும். டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க, மோட்டார் வாகன இலாகா நீல அட்டை ஒன்று அனுப்பியிருக்கிறது. வண்டியின் உள்ளே பின்புறம் பார்க்கும் கண்ணாடி இருக்கிறதல்லவா? வண்டியை நிறுத்தியதும் அதில் அட்டையை மாட்டிவிட வேண்டும். மாட்டினால் நீல இடம் நமக்கு. அதுமட்டுமல்ல, மீட்டர் உள்ள எந்த இடத்திலும் காசு போடாமல், நேரக் கெடுவும் இல்லாமல் நிறுத்தலாம்!

அன்று இரவு சாப்பிடும்போது பிள்ளை மெல்ல ஆரம்பித்தான்: "அம்மா, நீ பெரும்பாலும் வீட்டில்தானே இருக்கிறாய்? உன் அட்டை மேஜை அறையில் சும்மா கிடக்கிறது. ஆபீஸ் போகும்போது நான் எடுத்துக்கொண்டு போகிறேனே? மாசம் எவ்வளவு மிச்சமாகும் தெரியுமா?"

மாமி ரசத்தைப் பரிமாறிக்கொண்டே சொன்னார்: "உங்கள் நண்பரை நாளைக்குப் பெர்க்கிலி கூட்டிக்கொண்டு போ. நீயும் சுற்றிப் பார். அதற்கப்புறம் பேசலாம்."

இரும்புப் பெட்டியில் தூங்கியவர்

பெர்க்கிலி, விரிகுடாவுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தினால் பெயர் பெற்ற ஊர். அங்கே ஆஷ்பி ரயில் நிலையத்தை ஒட்டி ஓர் அழகிய கட்டிடம். கண்ணாடிக் கூரையிலிருந்து வெளிச்சம் கொட்டுகிறது. நடுவே சிவப்பு நிறத்தில் ஒரு சாய்வுப் பாதை, சுருள் சுருளாக மாடிக்கு ஏறுகிறது. சக்கர நாற்காலியில் வருகிறவரும் நடந்து வருகிறவரும் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே ஏறுகிறார்கள். 2010-இல் திறந்த இந்தக் கட்டிடத்துக்கு எட் ராபர்ட்ஸ் வளாகம் என்று பெயர்.

யார் இந்த எட் ராபர்ட்ஸ்?

1953-இல் பதினான்கு வயதில் இளம்பிள்ளை வாதம் கண்ட ஒரு பையன். கழுத்துக்குக் கீழே அநேகமாக எதுவும் அசையவில்லை. மூச்சுவிடவே இயந்திரம் வேண்டும். 'இரும்பு நுரையீரல்' என்ற பெரிய உருளைப் பெட்டிக்குள் படுத்துத்தான் இரவைக் கழிக்க வேண்டும். முதலில் வீட்டிலிருந்தபடி டெலிபோன் மூலமாகவே பள்ளிப் பாடங்களைக் கேட்டான். படிப்பு முடிந்தது. ஆனால் தேர்ச்சிப் பத்திரம் தர மறுத்தார்கள். ஏன் தெரியுமா? தேகப் பயிற்சியும், மோட்டார் ஓட்டும் பயிற்சியும் முடிக்கவில்லையாம்!

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை அல்லவா? அவனுடைய தாயார் ஸோனா ராபர்ட்ஸ் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அதிகாரிகளோடு போராடி, பத்திரத்தை வாங்கிக்கொண்டுதான் ஓய்ந்தார்.

1962-இல் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார் எட். இரும்பு நுரையீரலை வைக்க எந்த விடுதியிலும் இடம் இல்லாததால், பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் ஓர் அறையே அவருக்கு விடுதியாயிற்று. அவரைப் பார்த்து இன்னும் பலர் வந்து சேர்ந்தார்கள். வேடிக்கையாகத் தங்களுக்கு ஒரு பெயரும் வைத்துக்கொண்டார்கள். 1972-இல் ஊனமுற்றவர்களே நடத்தும் சுதந்திர வாழ்வு மையம் என்ற ஸ்தாபனத்தைப் பெர்க்கிலியில் தொடங்கினார்கள். நடைபாதை விளிம்பை உடைத்துச் சக்கர நாற்காலி இறங்கச் சரிவு அமைக்கும்படி நகரசபையை விடாமல் கேட்டு, அதையும் சாதித்தார்கள்.

அந்தச் சரிவில் இன்று யாரெல்லாம் போகிறார்கள்? குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வரும் தாய்மார்கள் போகிறார்கள். சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு பிரயாணிகள் போகிறார்கள். முழங்கால் வலியுள்ள பாட்டிமார் போகிறார்கள். கேட்டவர்கள் நாலு பேர், பலன் ஊருக்கெல்லாம்!

"இவனால் ஒரு நாளும் வேலை செய்ய முடியாது" என்று ஒரு காலத்தில் எட் ராபர்ட்ஸை ஒதுக்கியது மாநிலத்தின் மறுவாழ்வு இலாகா. 1975-இல் கவர்னர் அதே இலாகாவுக்கு அவரையே தலைவராக நியமித்தார். அவர் 1995-இல் காலமானார். அவருடைய சக்கர நாற்காலி வாஷிங்டனில் தேசிய மியூஸியத்தில் இருக்கிறது.

மூன்று வாரம் நகரவில்லை

மறுபடியும் ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு வருவோம். நகரசபை மண்டபத்துக்குச் சற்றுத் தள்ளி ஐக்கிய நாடுகள் சதுக்கத்தில் 50-ஆம் எண் கட்டிடம் இருக்கிறது. கம்பீரமான சர்க்கார் கட்டிடம். சுற்றுலா வழிகாட்டிகள் அதைப் பெரிதாகக் காட்டுவதில்லை.

1973-இல் அமெரிக்க சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. சர்க்கார் பணம் பெறும் எந்த இடத்திலும் ஊனத்தைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்று அதன் 504-ஆவது பிரிவு சொன்னது. சட்டம் வந்ததே தவிர, அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் விதிகளில் கையெழுத்துப் போட ஆளில்லை. வருஷம் நாலாகியது.

1977 ஏப்ரல் 5-ஆம் தேதி சுமார் நூற்றைம்பது பேர் அந்தக் கட்டிடத்துக்குள் நுழைந்து உட்கார்ந்துவிட்டார்கள். சக்கர நாற்காலிக்காரர்கள், கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள், அவர்களுக்குத் துணையாக வந்தவர்கள். ஜூடி ஹ்யூமன் என்ற பெண்மணி அவர்களுக்குத் தலைமை வகித்தவர்களில் ஒருவர். அவரும் இளம்பிள்ளை வாதத்தால் சக்கர நாற்காலியில் இருந்தவர்தான். இரவில் படுக்கையில் புரட்டிவிட ஆள் வேண்டியவர்கள், மருந்து தவறினால் உயிருக்கே ஆபத்து என்றிருந்தவர்கள், எல்லோரும் தரையில் படுத்தார்கள். 'கருஞ்சிறுத்தைகள்' இயக்கத்தார் வேளா வேளைக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏப்ரல் 28-ஆம் தேதி வாஷிங்டனில் விதிகளில் கையெழுத்து விழுந்தது. அதன் பிறகே அவர்கள் வெளியே வந்தார்கள்.

அந்தப் பாதையில் வளர்ந்ததுதான் 1990-இல் வந்த ஊனமுற்றோர் உரிமைச் சட்டம். கடை, ஆஸ்பத்திரி, ஓட்டல் வாசல்களில் எல்லாம் நிறுத்துமிடம் ஒதுக்க வேண்டும் என்ற தேசிய அளவு இந்தச் சட்டத்தில்தான் வந்தது. ஆக, மாமா பார்த்துப் பொருமிய அந்தக் காலியிடம் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த பிச்சை அல்ல என்பது தெரிகிறதல்லவா?

பட்டை போட்ட ஐந்தடி

அளவு என்றேனே, அதையும் கேளுங்கள். 25 வண்டி நிற்கும் இடத்தில் 1. 100 வண்டிக்கு 4. 500 வண்டிக்கு 9. 500 வண்டிக் கணக்கில் நூற்றுக்கு இரண்டுகூட முழுசாக வரவில்லை! ஊரில் பாதி இடத்தை அவர்களே எடுத்துக்கொண்டார்கள் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

கடை வாசல்களில் உள்ள அந்த இடம் 48 அடிக்கு ஓர் அடிக்கு மேல் சரியக் கூடாது. காரணம் சுலபம், சரிவில் நாற்காலியை இறக்கி வைத்தால், ஏறி உட்காருவதற்குள் அது உருண்டு ஓடிவிடும். குன்றுகள் நிறைந்த ஊரில் சமதளம் எவ்வளவு அரிது என்று நினைத்துப் பாருங்கள்.

நீல இடத்துக்குப் பக்கத்தில் பட்டை பட்டையாகக் கோடு போட்டு ஓர் இடைவெளி விட்டிருக்கிறார்கள். குறைந்தது ஐந்தடி அகலம். வேன் நிற்கும் இடமானால் எட்டடிகூட இருக்கும். கலிபோர்னியாவில் அதன் நடுவிலேயே 'நிறுத்தாதே' என்று எழுதிவைத்திருக்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு அது வீண் இடமாகத்தான் தோன்றும். மோட்டார் சைக்கிளைச் செருகத் தோதாகக்கூட இருக்கும்.

உண்மையில் அதுதான் கதவு. வேனின் பக்கவாட்டிலிருந்து சாய்வுப் பலகை இறங்குவது அங்கேதான். நாற்காலி உருண்டு வந்து திரும்புவதும் அங்கேதான். ஒருவர் வேனை நிறுத்திவிட்டுக் கடைக்குள் போயிருக்கும்போது, இன்னொருவர் அந்தப் பட்டையின் மேல் இரண்டே நிமிஷம் காரை நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்தவரால் தம் வண்டிக்குள்ளேயே ஏற முடியாது. மழையோ வெயிலோ, அந்தக் கார்க்காரர் எப்போது வருவார் என்று வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். அதனால்தான் பட்டைக் கோட்டில் நிறுத்துவதும் நீல இடத்தில் நிறுத்துவதைப் போன்ற குற்றமே என்று சட்டம் சொல்கிறது.

சாப்பாட்டு மேஜைப் பட்டிமண்டபம்

இரவு பட்டிமண்டபம் கூடியது. இதையெல்லாம் பார்த்துவிட்டு வந்த பிள்ளையின் சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது. மாமா மட்டும் விடவில்லை.

"எல்லாம் சரி. ஆனால் நேற்று அந்த இடம் காலியாக இருந்ததே! வராத ஆளுக்காக வந்த ஆளை விரட்டுவது என்ன நியாயம்?"

மாமி கேட்டார்: "நம் பெண் கல்யாணத்தில் முதல் பந்தியில் சம்பந்தி வீட்டுக்காரர்களுக்கு என்று பத்து இலை போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? அவர்கள் வரக் கால் மணி ஆயிற்று. உங்கள் ஒன்றுவிட்ட தம்பி பசிக்கிறது என்று உட்காரப் போனார். நீங்கள்தானே கையைப் பிடித்து எழுப்பினீர்கள்? சம்பந்திக்காவது அடுத்த பந்தி இருந்தது. சக்கர நாற்காலிக்காரருக்கு அந்த ஒரு இலைதான். நீங்கள் இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்தால் கால் வலிக்கும். அவர் இரண்டு தெரு தள்ளி நிறுத்த நேர்ந்தால் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுவார்."

மாமா வேறு பக்கமாக வந்தார். "அபராதம்? 250 டாலர் ரொம்ப அதிகமில்லையா? பணக்காரனுக்கு அது ஒரு வேளை விருந்துச் செலவு. கூலி வேலைக்காரனுக்கு இரண்டு மூன்று நாள் சம்பளம்."

இதில் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. ஆனால் அபராதம் ஏன் பெரிதாக இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தப்பு செய்கிறவர்களில் அகப்படுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். எல்லாத் தெருவிலும் எல்லா நேரமும் போலீஸ்காரரை நிறுத்த முடியாது. அகப்படுவது அபூர்வமாக இருக்கும்போது தொகையும் சிறிதாக இருந்தால், அது வாடகை மாதிரி ஆகிவிடும். கட்டிவிட்டு மறுநாளும் நிறுத்துவார்கள்.

சட்டத்துக்கு இரக்கமே இல்லை என்றும் சொல்ல முடியாது. நியாயமான அட்டைக்காரர் ஒருவர் மறதியாக அதை மாட்டாமல் போய் அபராதச் சீட்டு வாங்கிக்கொண்டார் என்றால், அட்டை தம்முடையது என்று நிரூபித்தால் போதும். ஊர் அதிகாரிகள் 25 டாலருக்கு மேற்படாத கட்டணத்தோடு சீட்டை ரத்து செய்யலாம் என்று கலிபோர்னியாவில் விதி இருக்கிறது. மறதிக்கு 25, மோசடிக்கு 250-க்கு மேல். இந்த வித்தியாசம் எனக்குப் பிடித்திருந்தது.

நூறு வயதுப் பாட்டிகள்

மோசடி என்றதும் ஒரு தமாஷ் சொல்ல வேண்டும். கலிபோர்னியா மாநிலத் தணிக்கை அதிகாரி 2017-இல் இந்த அட்டைகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார். நூறு வயது நிரம்பியவர்கள் பெயரில் மட்டும் ஏறக்குறைய 26,000 அட்டைகள் புழக்கத்தில் இருந்தன. மாநிலம் முழுவதிலும் இருந்த நூறு வயதுக்காரர்களோ சுமார் 8,000 பேர்தான்! இறந்துபோயிருக்கக் கூடியவர்கள் பெயரிலும் ஏறத்தாழ 35,000 அட்டைகள் இருந்தன. பாட்டி பரலோகம் போன பிறகும் அவருடைய அட்டை கடைத்தெருவுக்குப் போய் வந்துகொண்டிருந்தது!

அதற்கு முன்பே 1999-இல் லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் கால்பந்து ஆட்டக்காரர்கள் பத்துப் பேருக்கு மேல் இப்படி அட்டை வைத்திருந்ததாக வழக்கில் சிக்கி, தேசம் முழுவதும் சிரிப்பாய்ச் சிரித்தது. மைதானத்தில் ஓடி முட்டி மோதுகிற மல்லர்கள், வகுப்புக்கு நடக்க முடியாதவர்களாம்!

தணிக்கை அறிக்கை வந்த 2017-ஆம் வருஷமே மாநில சட்டசபை விதிகளை இறுக்கியது. 'எனக்கு அட்டை இன்னும் வேண்டும்' என்று ஆறு வருஷத்துக்கு ஒரு முறை எழுதித் தர வேண்டும். தொலைந்துபோயிற்று என்று சொல்லிச் சொல்லிப் புதுசு வாங்குவதற்கும் வரம்பு வைத்தார்கள். பிறர் அட்டையை எடுத்து மாட்டினால் 250 முதல் 1,000 டாலர் வரை அபராதம். ஆறு மாதம் வரை சிறைவாசமும் உண்டு.

இதைக் கேட்டுப் பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் மாமி அபராதத்தைப் பற்றிப் பேசவில்லை. அவர் சொன்னது வேறு.

"போன வருஷம் ஒரு கடை வாசலில் நீல இடத்தில் நிறுத்திவிட்டு இறங்கினேன். நல்ல புடவை கட்டியிருந்தேன். நாற்காலி இல்லை, கைத்தடி இல்லை. ஒரு அம்மாள் ஓடிவந்து, 'உனக்கு வெட்கமாக இல்லையா? கை கால் நன்றாகத்தானே இருக்கிறது?' என்று பத்துப் பேர் முன்னால் சத்தம் போட்டாள். மார்பைத் திறந்து தையலைக் காட்டவா முடியும்? அன்றிலிருந்து அட்டையை எடுக்கவே கை வரவில்லை. மேஜை அறையில் சும்மா கிடக்கிறது என்றாயே, இதனால்தான் கிடக்கிறது."

மேஜையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உன்னைப் போல எத்தனையோ பிள்ளைகள் அம்மா அட்டையை எடுத்துக்கொண்டு போய்த்தான், பார்க்கிறவர்களுக்கு எல்லார் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. நீங்கள் எடுப்பது வெறும் இடமில்லைடா. என்னை நம்புகிறார்களே, அந்த நம்பிக்கையை எடுக்கிறீர்கள்."

மாமி சொன்னதைச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது. இருதய நோய், நுரையீரல் நோய், கால்களின் பலக்குறைவு, இரு கைகளின் செயலிழப்பு, சில வகைப் பார்வைக் குறைவு, இத்தனைக்கும் கலிபோர்னியாவில் அட்டை உண்டு. இவற்றில் பல வெளியே தெரியாதவை. பலகையில் இருக்கும் சக்கர நாற்காலிச் சின்னத்தை 1968-இல் வரைந்தவர் ஸுஸான் கோஃபோட் என்ற டேனிஷ் மாணவி. அவர் வரைந்த படத்தில் தலையே கிடையாது. பிறகுதான் ஒரு வட்டம் போட்டுத் தலை வைத்தார்கள். உலகமெங்கும் பரவிய சின்னம் அது. ஆனால் அதைப் பார்த்துப் பார்த்து, நாற்காலியில் வருகிறவர் மட்டுமே நோயாளி என்று கண் பழகிவிட்டது.

தேன் எங்கே, ஈ அங்கே

சரி, இத்தனை சட்டம் இருந்தும் ஜனங்கள் ஏன் மோசடி செய்கிறார்கள்?

பேராசிரியர் டொனால்ட் ஷூப் என்று ஒருவர் இருந்தார், 2025-இல் காலமானார். வாழ்நாளெல்லாம் வண்டி நிறுத்தும் இடங்களைப் பற்றியே ஆராய்ந்து, 2005-இல் தடிமனான புத்தகம் ஒன்றும் எழுதியவர். அவர் சொன்ன காரணம் எளியது. அட்டைக்காரருக்கு மீட்டர் காசு கிடையாது, நேரக் கெடுவும் கிடையாது. நகரத்தின் நடுவில் நாள் முழுக்க இலவசம் என்றால், அந்த அட்டை தங்கக் கட்டி அல்லவா? தேன் குடத்தைத் திறந்து வைத்துவிட்டு ஈயை அடித்துக்கொண்டிருந்தால் எப்படி என்பதுதான் அவருடைய வாதம்.

மிச்சிகன் மாநிலம் 1995-லேயே இதற்கு ஒரு வழி கண்டது. மீட்டரில் காசு போடக் கைக்குச் சக்தி இல்லாதவர்கள், மீட்டரை எட்ட முடியாதவர்கள், இவர்களுக்கு மட்டும் இலவசம். மற்ற அட்டைக்காரர்களுக்கு இடம் உண்டு, இலவசம் இல்லை. ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரமும் 2014 ஜூலையில் இதே வழிக்கு வந்தது. சக்கர நாற்காலிக்காரர்கள் தவிர மற்றவர்கள் காசு கொடுக்க வேண்டும் என்றார்கள். அவ்வளவுதான், நகர மையத்தில் அட்டை மாட்டிய வண்டிகள் மளமளவென்று குறைந்துவிட்டன! நிஜமாகவே இடம் வேண்டியவர்களுக்கு இடம் கிடைத்தது.

ஸான் பிரான்ஸிஸ்கோவிலும் ஊனமுற்றவர்களின் பிரதிநிதிகளே அங்கம் வகித்த ஒரு குழு, 2013-இல் ஏறக்குறைய இதையே சிபாரிசு செய்தது. நீல இடங்களைக் கூட்டுங்கள், காவலைப் பலப்படுத்துங்கள், மீட்டர் காசு வாங்க ஊர்களுக்கு அனுமதி கொடுங்கள் என்றது. இலவசத்தை அனுபவிக்கிறவர்களும் சேர்ந்தே அது வேண்டாம் என்று சொன்னார்கள், பாருங்கள்! ஆனால் மாநிலச் சட்டம் மாறவில்லை. அங்கே அட்டைக்கு மீட்டர் இன்றும் இலவசம்தான்.

எதிர்க் கட்சியின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊனமுற்றவர்களில் வேலை கிடைக்காமல் கஷ்ட ஜீவனம் நடத்துகிறவர்கள் அநேகம். மற்றவர் பத்து நிமிஷத்தில் முடிக்கும் வேலைக்கு அவர்களுக்கு அரை மணி ஆகும். மீட்டர் அதற்கெல்லாம் காத்திருக்காது. காசைக் கேட்டால் கெட்டிக்கார மோசடிக்காரனுக்கு ஒன்றும் ஆகாது, ஏழை நோயாளிதான் வீட்டோடு முடங்குவார் என்கிறார்கள். இதையும் தள்ளிவிட முடியாது.

நேயர்களே, நான் கேட்டதையும் பார்த்ததையும் வைத்து எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். இடம் வேறு, இலவசம் வேறு. இரண்டையும் ஒரே அட்டையில் முடிச்சுப் போட்டதுதான் வம்பு. இடம் என்பது உரிமை. அதில் ஓர் அங்குலம் குறைக்கக் கூடாது; அதில் நுழைகிறவரிடம் 250 டாலர் வாங்குவது அதிகமும் அல்ல. இலவசம் என்பது உதவி. அது ஏழைக்கும், கை எட்டாதவருக்கும் போய்ச் சேர்ந்தால் போதும். நேரத்தை மட்டும் எல்லா அட்டைக்காரருக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். இப்படிப் பிரித்துவிட்டால், பிள்ளைகளுக்கு அம்மாவின் அட்டை மேல் ஆசை வராது. அம்மாக்களை வழிப்போக்கர்கள் சந்தேகப்படவும் மாட்டார்கள்.

மாமா இதை முழுக்க ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். "அபராதத்தைச் சம்பளத்துக்குத் தக்கபடி வைத்தால் இன்னும் நியாயம்" என்று கடைசிவரையில் சொல்லிக்கொண்டிருந்தார். அதிலும் யோசிக்க இடம் இருக்கிறது.

அதற்கடுத்த வாரம் ஃப்ரீமாண்டில் காய்கறி வாங்க மாமி கிளம்பினார். பிள்ளைதான் வண்டி ஓட்டினான். கடை வாசலில் நீல இடத்தில் நிறுத்தி, அட்டையை அவனே எடுத்துக் கண்ணாடியில் மாட்டினான். பிறகு இந்தப் பக்கம் சுற்றி வந்து அம்மாவுக்குக் கதவைத் திறந்துவிட்டான். யாரோ இரண்டு பேர் திரும்பிப் பார்க்கத்தான் பார்த்தார்கள். மாமி அவர்களைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டு, மெதுவாகக் கடைக்குள் நடந்தார்.